எம்.எல்.ஏ அனுப்பும் தொகுதிச் செய்தியை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: "எங்கள் சட்டமன்ற உறுப்பினர் மாதா மாதம் வாட்ஸ்அப்பில் 'தொகுதிச் செய்தி' என்று எட்டுப் பக்கம் அனுப்புகிறார். சாலை, உயர்கோபுர விளக்கு, பஸ், ஆஸ்பத்திரி, எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு இணைப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. படித்தால் ஊரே மாறிவிட்டது மாதிரி இருக்கிறது, தெருவில் இறங்கிப் பார்த்தால் ஒன்றையும் காணோம். இதில் எதை நம்புவது? எங்கள் குறையை யாரிடம் கொண்டுபோவது?"

நான் ஊரக வளர்ச்சித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எம்.எல்.ஏ நிதிக் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்த எட்டுப் பக்கத்தில் அப்பட்டமான பொய் அநேகமாக இருக்காது. எதிர்க்கட்சிக்காரர்கள் வரிக்கு வரி படிப்பார்கள் என்பது அதைத் தயாரிக்கிற உதவியாளருக்கு நன்றாகத் தெரியும். சிக்கல் வேறு. எட்டில் ஏழு பக்கம், எம்.எல்.ஏ.வுக்கு நேரடி அதிகாரம் இல்லாத, அல்லது மிகக் குறைவாக இருக்கிற விஷயங்கள். உண்மையாகவே அவர் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற இடம் கோட்டையில் இருக்கிற பேரவை. அங்கே அவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு பத்திகூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் சாலை. உங்கள் தெருவுக்கு சிமெண்ட் சாலை கேட்டு மனு கொடுக்கிறீர்கள். எம்.எல்.ஏ அதைத் தன் தொகுதி மேம்பாட்டு நிதியில் எடுத்துக்கொள்ளலாம் என்று கலெக்டருக்குப் பரிந்துரைக்கிறார். அங்கிருந்து மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை, அங்கிருந்து ஒன்றிய அலுவலகம். பொறியாளர் வந்து இடத்தைப் பார்த்து மதிப்பீடு போட வேண்டும். நிலம் புறம்போக்கா, பட்டாவா, யாராவது நாலு அடியை வளைத்து வேலி போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும், நிறைய மனுக்கள் அங்கேயே படுத்துவிடும். அதைத் தாண்டினால் கலெக்டரின் நிர்வாக ஒப்புதல், பொறியாளரின் தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை, வேலை, அளவுப் புத்தகத்தில் பதிவு, கடைசியில் பில். டெண்டருக்கு மட்டும் 2 கோடி ரூபாய் வரையிலான வேலை என்றால் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி.

இந்த வரிசையில் எந்தப் படியில் நின்றாலும் தொகுதிச் செய்தியில் ஒரு செய்தி ஆகிவிடும். மார்ச்சில் கோரிக்கை அனுப்பியாயிற்று என்று வரும், ஜூனில் ஒப்புதல் கிடைத்தது, ஆகஸ்டில் பூமி பூஜை, அடுத்த பொங்கலையொட்டி திறப்பு விழா. நாலு படம், நாலு செய்தி, ஒரே சாலை. தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் நாலு சாலை வந்த மாதிரி நமக்குத் தோன்றும். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நிர்வாக ஒப்புதல் ஆணையின் எண்ணும் தேதியும். அது இருந்தால் பணம் அந்த வேலைக்கு ஒதுங்கிவிட்டது, மிச்சத்தை ஒன்றிய அலுவலகத்தில் துரத்திப் பிடிக்கலாம். அது இல்லையென்றால் என்ன படம் போட்டிருந்தாலும் அது இன்னும் கோரிக்கைதான்.

அந்தச் சாலை யாருடையது என்பதையும் பாருங்கள். ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா, மத்திய அரசின் தேசிய நெடுஞ்சாலையா என்று தெரியாமலே பாதிப் பேர் மனு எழுதுகிறார்கள். மைல்கல் இருந்தால் அதன் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கறுப்போ நீலமோ மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. தேசிய நெடுஞ்சாலையில் சுரங்கப்பாதை கேட்டு எம்.எல்.ஏ.விடம் கொடுக்கிற மனு எங்கே போகும்? அவர் எம்.பி.க்கு எழுதுவார், எம்.பி டில்லிக்கு எழுதுவார், இரண்டு பேரும் ஆளுக்கொரு செய்தி போடுவார்கள். மாவட்டத்தில் 'திஷா' குழு என்று ஒன்று இருக்கிறது. மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்கிற குழு, எம்.பி தலைவர், எம்.எல்.ஏ.க்கள் உறுப்பினர்கள். இந்த மாதிரி விஷயங்களை அங்கே எழுப்பினீர்களா என்று கேட்டால் கொஞ்சம் நேர்ப் பதில் கிடைக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எம்.பி.க்கு 5 கோடி. பணம் எம்.எல்.ஏ கைக்கு வராது, அவர் வேலையைச் சொல்வார், கலெக்டர் ஒப்புதல் தருவார். (2020-இல் கொரோனா வந்தபோது ஒவ்வொருவரின் நிதியிலிருந்தும் 1 கோடியை அரசு அந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டது, நினைவிருக்கலாம்.) ஒரு தொகுதியில் இரண்டரை லட்சம் வாக்காளர் என்று வைத்தால் ஆளுக்கு 120 ரூபாய், அதுவும் ஒரு வருடத்துக்கு. தொகுதி சின்னதா பெரியதா என்ற கணக்கும் கிடையாது. 2021 தேர்தலில் சோழிங்கநல்லூரில் ஆறரை லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், சென்னைத் துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சம்கூட இல்லை, இரண்டுக்கும் அதே 3 கோடிதான்.

234 தொகுதிக்கும் கூட்டினால் 702 கோடி. மாநில அரசின் ஒரு வருடச் செலவு 3 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. அந்த 3 லட்சம் கோடியில் பெரும்பகுதிக்கு, துறை துறையாக, மானியக் கோரிக்கை என்ற பெயரில் பேரவையில் ஒப்புதல் தருகிறவர்களில் உங்கள் எம்.எல்.ஏ.வும் ஒருவர். ஆனால் அவர் செய்தியில் வருவது 702-இல் தன் பங்கான 3 கோடி மட்டும்தான். அதில்தானே பெயர்ப் பலகை வைக்க முடியும்!

இந்த நிதியில் என்ன வருகிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். பயணியர் நிழற்குடை, நியாயவிலைக் கடை கட்டடம், அங்கன்வாடி, கலையரங்கம், பள்ளிச் சுற்றுச்சுவர், பேவர் பிளாக், ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டி, உயர்கோபுர விளக்கு. கோயில், மசூதி, சர்ச்சுக்குச் செய்ய முடியாது, தனியார் நிலத்தில் செய்ய முடியாது, சம்பளம் மாதிரி மாதா மாதம் வருகிற செலவுக்கும் கிடையாது. கடைசியாகச் சொன்னதுதான் பெரிய சங்கடம். உயர்கோபுர விளக்கை எம்.எல்.ஏ நிதியில் வைப்பார்கள், கரண்டு பில்லை ஊராட்சி கட்ட வேண்டும், பல்பு போனால் அந்த உயரத்துக்கு ஏறி மாற்றுகிற செலவும் ஊராட்சிக்குத்தான். குடிநீர் சுத்திகரிப்பு எந்திரமும் அப்படித்தான். திறக்கிற அன்று எல்லாரும் ஒரு டம்ளர் குடிப்பார்கள், அப்புறம் ஃபில்டர் மாற்ற யாரிடமும் காசு இருக்காது, பூட்டிக் கிடக்கும். மாவட்டத்துக்கு மாவட்டம் இதைப் பார்க்கலாம். ஆகவே ஒரு புது எந்திரம் வரப்போகிறது என்று செய்தி வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், பராமரிப்பை யார் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே கோப்பில் அந்த ஒரு தாள் சேர்ந்துவிடும்.

ஏன் எல்லாக் குறையும் எம்.எல்.ஏ வாசலுக்கே வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை, இதெல்லாம் சட்டப்படி ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சியின் வேலை. உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்த அரசியல் சட்டத்தின் 73, 74-ஆவது திருத்தங்கள் வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது, நம் ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. ஆனால் தேர்தலைப் பாருங்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. கிராமப்புறத்தில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, புதிதாகப் பிரித்த மாவட்டங்களையும் சேர்த்து 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் ஆயிற்று, நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. நகரத்துக்காரர்கள் ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் இருந்தார்கள். அப்புறம் 2019-இல் தேர்தல் நடந்த ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் என்றால் அநேகமாக பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், அவரிடம் ஏகப்பட்ட ஊராட்சிகள். அவர் வாசலில் யார் போய் நிற்பது? ஓட்டுக் கேட்டு வந்த முகம் ஒன்றுதான் மிச்சம், அது எம்.எல்.ஏ. இதில் எம்.எல்.ஏ.க்களுக்கு லாபமும் இருக்கிறது என்பது என் கருத்து. உள்ளூரில் போட்டியாக வளரக்கூடிய தலைவர் ஒருவர் இல்லாமல் போகிறாரே! எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் உள்ளாட்சித் தேர்தலை நேரத்துக்கு நடத்தச் சொல்லி எம்.எல்.ஏ.க்கள் அவசரப்படுத்தி நான் அதிகம் பார்த்ததில்லை.

பஸ் விஷயம் இதற்கு நேர்மாறு. இங்கே எம்.எல்.ஏ சொன்னால் உண்மையிலேயே வேலை நடக்கும். வழித்தடத்தை நீட்டிப்பது, காலை 7 மணி வண்டியை 7.40-க்கு மாற்றுவது, ஒரு நிறுத்தம் சேர்ப்பது, இதற்கெல்லாம் டெண்டரும் வேண்டாம் நிலமும் வேண்டாம், போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரும் கோட்ட மேலாளரும் மனது வைத்தால் போதும். ஆனால் வெறுமனே 'பஸ் வேண்டும்' என்று எழுதாதீர்கள். எந்தப் பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள், எந்த ஆலைக்கு எந்த ஷிப்டுக்கு எத்தனை பேர், இப்போது எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், கடிதத்தோடு அதை அப்படியே இணைத்து அனுப்பிவிடுவார்கள். உதவியாளர்களுக்கு எழுதுகிற வேலை மிச்சம், அதனாலேயே உங்கள் மனு முன்னால் போகும்.

ஆஸ்பத்திரி பற்றிய பத்தியில் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். 'புதிய கட்டடம்' என்று வரும். கட்டடம் வரும், உண்மைதான், டாக்டர் வருவாரா என்பது வேறு கோப்பு. ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு இயக்ககம், தாலுகா ஆஸ்பத்திரி இன்னொரு இயக்ககம், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மூன்றாவது. டாக்டர்களை எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுமதிக்கப்பட்ட டாக்டர் பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். மயக்க மருந்து டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் அறுவை அரங்கம் கட்டி என்ன பயன், பிரசவத்துக்குச் சிக்கல் என்றால் மாவட்டத் தலைநகருக்குத்தான் ஆம்புலன்ஸ் ஓடும். இன்னொன்று, முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்காக எம்.எல்.ஏ கடிதம் வாங்க வரிசையில் நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். அதற்கு அவர் கடிதம் வேண்டாம். வி.ஏ.ஓ தருகிற வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிற காப்பீட்டு மையமும் போதும். பட்டா மாறுதலும் அப்படியே, அது தாசில்தார் அலுவலக வேலை. கேட்கிறவரிடம் இதைச் சொல்லி அனுப்பலாம், ஆனால் ஒரு கடிதம் கொடுத்தால் ஒரு குடும்பத்தின் நன்றி கிடைக்கிறதே, எந்த அரசியல்வாதி விடுவார்?

நகராட்சியோடு இணைப்பதுதான் உங்கள் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தச் செய்தியில் இதற்கு இரண்டே வரிதான் இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். 2025 தொடக்கத்தில் மாநிலம் முழுக்கப் பல ஊராட்சிகளைப் பக்கத்து நகராட்சி, மாநகராட்சிகளோடு சேர்க்க அரசு முடிவெடுத்தபோது ஊர் ஊராக மறியலும் கலெக்டர் அலுவலக முற்றுகையும் நடந்தது. காரணம் எளிது. இணைந்துவிட்டால் நூறு நாள் வேலை போய்விடும், அது கிராமப்புறத்துக்கான திட்டம். சொத்து வரி, தண்ணீர் வரி, வீட்டு வரைபட அனுமதிக் கட்டணம் எல்லாம் ஏறும். கிராம சபை இல்லாமல் போகும். மறுபக்கம், ஏற்கெனவே நகரமாகிவிட்ட ஊருக்குப் பாதாளச் சாக்கடையும் ஒழுங்கான குப்பை எடுப்பும் ஊராட்சி வருமானத்தில் ஒரு நாளும் வராது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற விஷயம் இது. அதனால்தான் எம்.எல்.ஏ.க்கள் 'மக்களின் உணர்வுகளை அரசுக்குத் தெரிவித்துள்ளேன்' என்று எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். எந்த உணர்வு, ஆதரவா எதிர்ப்பா, அவருடைய சொந்த நிலை என்ன? நகராட்சி நிர்வாகத் துறை மானியக் கோரிக்கையில் இந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பேசினாரா? இதை மட்டும் விடாதீர்கள். ஊராட்சி இருக்கும் வரை கிராம சபை தீர்மானம் போடலாம், வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் வாசகம் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குகிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை.

இனி அந்தச் செய்தியில் வராத பக்கம்.

2023 ஏப்ரல் 21 அன்று பேரவையில் என்ன நடந்தது என்று எத்தனை தொகுதிச் செய்திகளில் படித்திருப்பீர்கள்? அன்றைக்குத்தான் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கிற திருத்த மசோதா நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொந்தளித்ததும் மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதே நாளில் இன்னொரு மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது. நீர்நிலை, ஓடை, வாய்க்கால் உள்ளே வருகிற, 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கு நிலத்தை ஒருங்கிணைப்பதற்கான சட்டம். அது திரும்பப் பெறப்படவில்லை. ஏரிப்பாசனம் உள்ள தொகுதியின் எம்.எல்.ஏ.க்கு ஒரு நிழற்குடையைவிட இது சின்ன விஷயமா?

அன்று உங்கள் எம்.எல்.ஏ எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்று தேடினாலும் கிடைக்காது. குரல் வாக்கெடுப்பு: 'ஆம்' என்போர், 'இல்லை' என்போர், 'ஆம்' என்போரே அதிகம், நிறைவேறியது. பெயர் பதிவாகாது. தலையை எண்ணுகிற வாக்கெடுப்பு எப்போதாவதுதான் நடக்கும். 2017 பிப்ரவரி 18-இல் எடப்பாடி பழனிசாமி அரசின் மீது நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பு அப்படி எண்ணியது, 122-க்கு 11. பெயர் பதிவானாலும் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்று 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் சொல்கிறது. ஆகவே ஆளுங்கட்சி உறுப்பினர் மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடுவார் என்று எதிர்பார்க்க முடியாது, அதை நான் குறையாகச் சொல்லவும் இல்லை. ஆனால் பேசலாம். மானியக் கோரிக்கை விவாதத்தில், கேள்வி நேரத்தில், கவன ஈர்ப்பில் பேசலாம். ஆளுங்கட்சிக்காரர்களும் தொகுதிக் குறையைக் கேள்வியாகக் கேட்கிறார்கள், அதற்குக் கொறடா தடை போடுவதில்லை.

கேள்வி நேரத்தில் கிடைக்கிற பதிலையும் பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும். 'சாத்தியக்கூறுகள் ஆராயப்பட்டு நிதிநிலைக்கு ஏற்ப நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அமைச்சர் சொன்னால் கிட்டத்தட்ட இல்லை என்றுதான் அர்த்தம், நாகரிகமாகச் சொல்கிறார். 'இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்' என்றால் அது வாக்குறுதி. பேரவையில் அமைச்சர் கொடுக்கிற வாக்குறுதிகளைப் பின்தொடர்ந்து கேட்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. நிறைவேறாதவற்றைத் துறையிடம் கணக்குக் கேட்கும், மாவட்டங்களுக்கும் வந்து பார்க்கும். பேரவை விதி 110-இன் கீழ் அறிவிப்பு என்றால் அமைச்சரோ முதலமைச்சரோ அறிக்கையாகப் படிப்பது, அதன் மேல் விவாதம் கிடையாது. அறிவித்த பிறகு அரசாணை வந்ததா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் போடுகிறது, தமிழிலேயே, அரசு இணையதளத்தில் இலவசமாக. என்னைக் கேட்டால் அந்த எட்டுப் பக்கத்தைவிட நெடுஞ்சாலைத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் உங்கள் மாவட்டம் வருகிற பக்கம் பயனுள்ளது. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையிலும் வருகிறது.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 234 பேருக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நீண்ட நாளாகத் தீராமல் இருக்கிற பத்து முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியல் போட்டு 15 நாளில் கலெக்டரிடம் தரச் சொன்னார். 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' என்று அதற்குப் பெயர். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் சேர்த்துத்தான். அந்தப் பத்தும் என்னென்ன என்று ஊரில் யாருக்குத் தெரியும்? ஊருக்குத் தேவையான பத்து விஷயம் எது என்று ஒரு பிரதிநிதி தன் கையால் எழுதிக் கொடுத்த தாள் அது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். பட்டியல், ஒவ்வொன்றின் இன்றைய நிலை, ஒதுக்கிய தொகை. 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. அதே மனுவில் கடந்த மூன்று நிதியாண்டில் உங்கள் ஒன்றியத்தில் தொகுதி மேம்பாட்டு நிதியில் எடுத்த வேலைகள், நிர்வாக ஒப்புதல் தேதி, முடிந்த தேதி, செலவான தொகை என்று ஒரு அட்டவணையும் கேட்டுவிடுங்கள். அந்த விவரம் பதிவேட்டிலேயே இருக்கும், தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

எம்.எல்.ஏ.வைக் குறைத்துச் சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. அவர் கடிதத்துக்கு மதிப்பில்லாத இடங்கள் உண்டு, அவரைத் தவிர வேறு யாராலும் முடியாத இடமும் உண்டு. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியவர்கள் ஒரு துறை, குழாய் உடைந்தது இன்னொரு துறைக்கு, கம்பத்தை நகர்த்த வேண்டியது மின்வாரியம், மேலே சாலை போட வேண்டியது நெடுஞ்சாலைத் துறை. நாலு அதிகாரியும் அடுத்தவரைக் கைகாட்டிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டுவார்கள். நாலு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, தேதி போட்டு, எழுதி வாங்கக்கூடியவர் தொகுதிக்குள் எம்.எல்.ஏ ஒருவர்தான். அந்த மாதிரி ஆய்வுக் கூட்டத்தின் படம் அந்த எட்டுப் பக்கத்தில் இருந்தால், பொன்னாடைப் படங்களை விட்டுவிட்டு அதை உட்கார்ந்து படியுங்கள். என்ன தேதி சொன்னார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தாண்டியதும் அதே வாட்ஸ்அப் எண்ணுக்கு, திட்டாமல், ஒரு வரி: 'பதினைந்தாம் தேதிக்குள் குழாய் வேலை முடியும் என்று உங்கள் கூட்டத்தில் சொன்னார்கள், இன்னும் பள்ளம் அப்படியே இருக்கிறது, படம் இணைத்துள்ளேன்.' உதவியாளர் அதைக் கட்டாயம் அவரிடம் காட்டுவார், ஏனென்றால் அது அவர்களே போட்ட செய்தி.

தனி ஆள் குறைக்கு, அதாவது பட்டா, உதவித்தொகை, மின் இணைப்பு மாதிரி விஷயத்துக்கு, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற குறைதீர்க்கும் நாளும் 1100 எண்ணும் போதும், மனு எண்ணை மட்டும் வாங்காமல் வராதீர்கள். ஊர்ப் பொதுக் குறை, பல வருடமாகக் கிடக்கிறது என்றால் சட்டமன்ற மனுக்கள் குழு இருக்கிறது, இதைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லை. குழு மாவட்டத்துக்கு வருவதற்கு முன்னால் கலெக்டர் அலுவலகம் செய்திக் குறிப்பு விடும், நாளிதழில் உள்பக்கத்தில் சின்னதாக வரும், கண்ணில் படாது. ஒரு மனுவில் ஒரே ஒரு பிரச்சினை, ஒரே ஒரு துறை. நீதிமன்றத்தில் இருக்கிற விஷயம் கூடாது. வேலை கேட்பது, பட்டா கேட்பது, முதியோர் உதவித்தொகை, கடன் கேட்பது, அதிகாரி மேல் புகார், இதெல்லாம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாலையையும் பஸ்ஸையும் ஆஸ்பத்திரியையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் அது அங்கேயே தள்ளுபடி. உங்கள் ஊர் விஷயத்தில் மயக்க மருந்து டாக்டர் பணியிடத்துக்கு ஒரு மனு, அந்தச் சாலைக்குத் தனியாக ஒரு மனு, இரண்டையும் இப்போதே தட்டச்சு செய்து, பழைய மனுக்களின் நகலையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் பின்னால் இணைத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். செய்திக் குறிப்புக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் அதிக நாள் இருக்காது.